'வர்றேன்' பொத்தான்

சர்வர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது சாம்பார் வாளிதான்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான் (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பது வீட்டில் சொல்வது). பெங்களூரில் ஒரு ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தேன். பகலெல்லாம் பரிமாறுவோம், கடை சாத்தியதும் அதே மேசைகளை ஒட்டிப் போட்டுப் படுத்துக்கொள்வோம். தலைமாட்டில் சாம்பார் வாசனை அடிக்கும். அங்கிருந்து திருப்பூரில் பனியன் கம்பெனி, பிறகு லாரியில் கிளீனர், திருப்பத்தூரில் ஒரு செல்போன் கடை, கடைசியாகச் சென்னையில் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு சின்ன ஆபீஸில் எடுபிடி. எந்த இடத்தையும் நான் சண்டை போட்டு விட்டதில்லை. ஒரு நாள் கால் பரபரக்கும். பையைத் தூக்கிக்கொண்டு, "வர்றேங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். திரும்பிப் போனதில்லை.

இப்படிப்பட்டவனை நம்பி ஜவ்வாது மலையில் சில குடும்பங்கள் தங்கள் ஒரு வருஷத்துச் சாமையை ஒப்படைத்தன. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

காரணம் என் மனைவி ஸ்டெல்லா. அவள் சந்தவாசல் பெண். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஜமுனாமரத்தூரில் மலை விவசாயிகள் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நாங்கள் அங்கேயே ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். நான் வேலையில்லாமல் வீட்டுக்கும் டீக்கடைக்கும் நடந்துகொண்டிருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. சங்கத் தலைவி கோவிந்தம்மா அக்காவிடம் போய், "எங்க வூட்டுக்காரரு மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்தவருக்கா" என்று சொல்லிவிட்டாள். பொய் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

கோவிந்தம்மா அக்கா சாமையும் புளியும் விளைவிக்கிறவர். பேச்சு குறைவு. அந்த வருஷம் அவர் ஒரு பெரிய காரியம் செய்திருந்தார். வழக்கமாக அறுப்பு முடிந்ததும் கீழே இருந்து வியாபாரி லாரியோடு வந்து, அவர் சொன்ன விலைக்கு ஏற்றிக்கொண்டு போவார். 'இந்த வாட்டி யாரும் யாவாரிக்குப் போடாதீங்க, நேரா திங்கறவங்களுக்கே விப்போம்' என்று வீடு வீடாகச் சொல்லி, மூட்டைகளைச் சங்கக் கிடங்கில் அடுக்க வைத்திருந்தார். நகரங்களில் கண்காட்சிக் கடை போட்டபோதெல்லாம் வாங்கியவர்கள் போன் நம்பரோடு எழுதிக் கொடுத்த மின்னஞ்சல் முகவரிகள் சில ஆயிரம் சங்கத்தில் இருந்தன. அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு அழைத்து, சாமைச் சோறு போட்டு, விளைகிற நிலத்தைக் காட்டி, வருஷா வருஷம் வாங்கிக்கொள்ளும்படி பேசுவது என்று திட்டம். அது நடக்காவிட்டால் மூட்டைகள் பழையபடி லாரிக்குத்தான். அவர் வார்த்தையை நம்பிய எல்லோர் வீட்டு மூட்டையும்.

அழைப்பை யார் அனுப்புவது? ஏற்கெனவே செல்போனிலிருந்து எல்லோருக்கும் ஒரே மூச்சில் தேன்பாட்டில் படம் அனுப்பி, சங்கத்து நம்பரே முடங்கிக் கிடந்தது. மலையைச் சுற்றிப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள், "நல்ல சர்வரா பாத்து எடுத்து மெயில் அனுப்புங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

கோவிந்தம்மா அக்கா என்னைக் கூப்பிட்டு நேராகக் கேட்டார்.

"உனுக்கு இந்த சர்வர் பத்தித் தெரியுமா தம்பி?"

"நானே சர்வரா இருந்தவங்க்கா."

சத்தியமான வார்த்தை. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். சர்வரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நான் ஒழுங்காகவே செய்தேன். முதலில் சங்கத்தின் சாதாரண மெயில் கணக்கிலிருந்தே அனுப்பிப் பார்த்தேன். சில நூறு போனதும் நின்றுவிட்டது. மறுநாள்வரை உள்ளேயே விடவில்லை. அடுத்து, வீடியோ ஒன்றைப் பார்த்துச் சங்கத்துப் பழைய கம்ப்யூட்டரையே சர்வராக மாற்றினேன். இரண்டு நாள் தூக்கமில்லாமல் கண் சிவந்து, அது ஓடத் தொடங்கியபோது மலையில் கரண்ட் போனது. கரண்ட் வந்த பிறகு அனுப்பிய கடிதங்கள் ஸ்டெல்லாவின் கணக்கில் குப்பைப் பெட்டிக்குள் கிடந்தன.

"நம்ம சாம குப்பைக்கா போச்சி?" என்றார் கோவிந்தம்மா அக்கா. அவருக்கு அது நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

பிறகு போனில் ஒருவன் கிடைத்தான். "எத்தினி லட்சம் வேணா அடிக்கலாம் ப்ரோ, கேள்வியே கிடையாது" என்றான். அவன் வழியாகப் போனதும் குப்பைக்கே போனது. விசாரித்தால், அவனுடைய அதே சர்வரிலிருந்துதான் லாட்டரி விழுந்திருக்கிறது என்று புளுகுகிற கடிதங்களும் போகின்றனவாம். கோழித் திருடனோடு ஒரே ஆட்டோவில் போனால் நம்மையும்தான் இறக்கிச் சோதிப்பார்கள்.

கடைசியாக அகப்பட்ட சேவை வேறு ரகம். முகவரிகள் எங்கே கிடைத்தன, அவர்கள் சம்மதித்துக் கொடுத்தார்களா, எதற்காக அனுப்புகிறாய் என்று குடைந்தார்கள். முதல் நாளே மொத்தத்தையும் கொட்டக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்றார்கள். செத்துப்போன முகவரிகளைக் களையச் சொன்னார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. ஓட்டலில் அப்படித்தான், ஆர்டர் எடுக்கும்போது நாலு கேள்வி கேட்கிறவன் தோசை கேட்ட மேசைக்குப் பூரியைக் கொண்டுபோய் வைக்க மாட்டான். இவன்தான் நம்பகமான சர்வர் என்று சங்கக் கூட்டத்தில் அறிவித்தேன். கைதட்டினார்கள். அந்த சர்வர் கடைசிவரை ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்தது. அதுதான் வினை.

அவர்கள் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், இனிமேல் கடிதம் வேண்டாம் என்கிறவர்கள் அழுத்த ஒரு பொத்தான் இருக்க வேண்டும் என்பது. அதை அழுத்தினால் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து தானாகவே நீங்கிவிடும். பொத்தானில் என்ன எழுதுவது என்பது நம் இஷ்டம். ஸ்டெல்லா 'விலக' என்று எழுதச் சொன்னாள். அதைக் கோவிந்தம்மா அக்காவிடம் காட்டினேன்.

"சோறு திங்க வாங்கன்னு கூப்புட்ற காயிதத்துல வெலகுன்னு போடுவியா? வூட்டாண்ட வர்றவங்கள வாசல்லயே அப்டித்தான் சொல்லுவியா?"

"அது கட்டாயம் போடணுங்க்கா."

"போடு. மரியாதையா போடு."

யோசித்தேன். நம் பக்கத்தில் போகிறவர் யாராவது 'போறேன்' என்று சொல்வார்களா? 'போய்ட்டு வர்றேன்' என்றுதானே சொல்வார்கள்? பொத்தானில் 'போய்ட்டு வர்றேன்' என்று எழுதினேன். கோவிந்தம்மா அக்காவுக்குத் திருப்தி. ஸ்டெல்லாவும் பார்த்துத் தலையாட்டினாள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

சோதனைக்கு என் போனில் திறந்து பார்த்தபோது அந்த இரண்டு சொல்லும் பொத்தானில் அடங்காமல் உடைந்து, 'வர்றேன்' பாதி வெளியே தொங்கியது. அசிங்கமாக இருந்தது. நான் அழகு பார்க்கிறவன். 'போய்ட்டு' என்பதை எடுத்துவிட்டேன். கிளம்புகிறவர்கள் வெறும் 'வர்றேன்' என்றும்தானே சொல்கிறோம்? நானே வாழ்நாள் முழுக்க அப்படித்தானே சொல்லியிருக்கிறேன்? பொத்தானுக்குப் பச்சை வண்ணம் கொடுத்து, கொஞ்சம் பெரிதாக்கி, அழைப்புக்கு நேர் கீழே வைத்தேன். யாரிடமும் காட்டவில்லை.

ஆக, கடிதம் இப்படிப் போனது: 'ஞாயிற்றுக்கிழமை எங்கள் மலைக்கு வாருங்கள். எங்களோடு சாமைச் சோறு சாப்பிடுங்கள்.' அதற்குக் கீழே, பெரிதாக, பச்சையாக: 'வர்றேன்.'

வருகிறவர்கள் கூப்பிட்டுச் சொல்வதற்குக் கோவிந்தம்மா அக்காவின் போன் நம்பர் கடிதத்தின் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. கையடியில் பச்சைப் பொத்தான் இருக்கும்போது நம்பரைத் தேடி யார் போன் செய்வார்கள்? பொத்தானை அழுத்தியவர்களுக்கு, 'நன்றி. உங்கள் விருப்பம் பதிவு செய்யப்பட்டது' என்று சர்வர் பணிவாகப் பதில் சொன்னது. பதிவு செய்யவும் செய்தது.

கணக்குப் பக்கத்தைத் திறந்தால், விலகியவர்கள் என்ற இடத்தில் சிவப்பு எண் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை. சென்னை ஆபீஸில் அடிக்கடி காதில் விழுந்த ஒரு பேச்சை எடுத்துவிட்டேன்.

"சும்மா பேர் எழுதிக் குடுத்தவங்கல்லாம் உதிர்றாங்கக்கா. பட்டியல் சுத்தமாவுது. மிச்சம் நிக்கிறவங்கதான் அசல் ஆளுங்க."

கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே கோவிந்தம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"போனவங்க பேரப் படி" என்றார்.

படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் முகம் ஒரு சுற்று இறங்கியது. இவங்க தேன் வாங்கினவங்க, இவங்க ரெண்டு வருஷமா புளி வாங்கறவங்க என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வேலூர் டாக்டரம்மா ஒருவரின் பெயர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுவுமா?"

"ஆமாங்க்கா. அமுக்கிட்டாங்க."

"போன மாசம் போன் பண்ணி, பாப்பாவுக்குச் சாமக் கஞ்சி குடுக்கலாமான்னு கேட்டுச்சி. பக்குவம் சொன்னேன். அதுக்குள்ள இன்னா கோவம்?" போனை எடுத்து, "ஒரு போன் போட்டுக் கேக்கட்டா?" என்றார்.

ஒரே ஒரு போன். அது போயிருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். நான் தடுத்தேன்.

"கூடாதுக்கா. வெலகினவங்கள தொந்தரவு பண்ணா சர்வர்காரன் நம்மள நிறுத்திடுவான். சட்டம் அது."

மெயிலுக்குச் சொன்ன சட்டம் அது. போனுக்கும் சேர்த்து நானே நீட்டிக்கொண்டேன். அறிவாளி ஆனபின் அப்படித்தான் தோன்றும்.

கோவிந்தம்மா அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டார். "இத்தினி பேரு வேணான்னுட்ட பிறகு யாருக்குச் சோறு ஆக்கறது? விருந்து வேணாம். யாவாரிக்குச் சொல்லிடுங்க" என்றார். ஒருவர் மட்டும், "அப்பவே போட்டிருந்தா நல்ல வெலைக்குப் போயிருக்கும்" என்று மூட்டையைப் பார்த்துச் சொன்னார். அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை, அவருக்குத்தான் கேட்டது.

விருந்து ரத்து என்று அன்றைக்கே ஒரு கடிதம் அனுப்பினேன். பட்டியலில் மிச்சம் இருந்த எல்லோருக்கும், அதாவது வருகிற எண்ணமே இல்லாத எல்லோருக்கும், ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்தது. ஒன்றுகூடக் குப்பைக்குப் போகவில்லை. அந்த அறிக்கையை ஸ்டெல்லாவிடம் காட்டி, "பாத்தியா, சர்வர்னா இது" என்றேன்.

சனிக்கிழமை லாரி வந்து ஒரு நடை ஏற்றிக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை காலை மிச்சத்துக்காக மறுபடி வந்தது. வியாபாரியும் கூடவே வந்திருந்தார். நான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது வளைவில் ஒரு வேன் ஏறி வந்தது. பின்னால் ஒரு கார். அதன் பின்னால் இன்னொரு வேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் பையும் குழந்தையுமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். யாரோ கல்யாண வீட்டுக்கு வழி தவறி வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

காரிலிருந்து ஓர் அம்மாள் குழந்தையோடு இறங்கி, "இங்க கோவிந்தம்மாங்கறது யாருங்க?" என்று கேட்டார்.

"நான்தாம்மா."

"நான் வேலூர்லேருந்து வர்றேன். கஞ்சிக்குப் பக்குவம் கேட்டேனே, ஞாபகம் இருக்கா? இவதான் பாப்பா."

கோவிந்தம்மா அக்கா குழந்தையைப் பார்த்தார், பின்னால் இறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார்.

"நீங்கதான் வேணான்னுட்டீங்களேம்மா."

"யாரு சொன்னது? வர்றேன்னு அமுக்கினேனே. பதிவாயிடுச்சின்னு பதில்கூட வந்துச்சே" என்று போனை எடுத்து நீட்டினார்.

நான் மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன் (ஒரு மூட்டை எனக்குப் பத்தாது, முதுகு வெளியே தெரிந்திருக்கிறது). கோவிந்தம்மா அக்கா போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படித்தார்.

"அந்தோணி."

எழுந்து நின்றேன்.

"போய்ட்டுன்னு ஒண்ணு இருந்துச்சே. எங்க?"

"பொத்தான்ல எடம் பத்தலங்க்கா."

"இது போறவங்க அமுக்கறதா, வர்றவங்க அமுக்கறதா?"

"போறவங்க அமுக்கறதுங்க்கா. போறவங்க வர்றேன்னுதானே..."

முதுகில் மூட்டையோடு நின்ற சுமைதூக்குகிறவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் டாக்டரம்மா. அப்புறம் வேனிலிருந்து இறங்கியவர்கள், விஷயம் புரியாமலேயே. கோவிந்தம்மா அக்கா சிரிக்கவில்லை. ஸ்டெல்லாவும் சிரிக்கவில்லை, கிடங்கு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை வேலைக்குச் சொன்னவள் அவள்தானே.

"இன்னாம்மா, ஏத்தறதா எறக்கறதா? எனுக்கு வேற வேல கீது" என்றார் வியாபாரி.

"எறக்கு" என்றார் கோவிந்தம்மா அக்கா. வியாபாரி ஏதேதோ பேசினார். அவர் பேசி முடிக்கும்வரை அக்கா அதே இடத்தில் நின்றார். மூட்டைகள் இறங்கின.

பிறகு என் பக்கம் திரும்பினார். "சர்வரா இருந்தேன்னியே, எங்க இருந்த?"

"பெங்களூர்லங்க்கா."

"எந்தக் கம்பெனி?"

இனி மறைத்து என்ன? "ஓட்டலுங்க்கா."

"அப்ப போய் வாளிய எடு."

ஒரு அரிசி ஊறவைக்கவில்லை, ஒரு அடுப்பு மூட்டவில்லை. விற்பனைக்குக் கட்டி வைத்திருந்த தீட்டிய சாமைப் பொட்டலங்களைப் பிரித்துப் பெண்கள் உலை வைத்தார்கள். ஸ்டெல்லா புளி கரைத்தாள். சோறு வேகும்வரை கோவிந்தம்மா அக்கா வந்தவர்களைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் நிலத்தைக் காட்டினார். பசி தாங்காமல் குழந்தைகள் அழுதன. ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, "வர்றேம்பா" என்றார். அது எந்த வர்றேன் என்று கேட்க எனக்குத் துணிவு இல்லை.

மத்தியானம் சாய்ந்த பிறகு பந்தி. மந்தாரை இலை போட்டு, நான்தான் பரிமாறினேன். பந்தி மாற்றிப் பந்தி, முதுகு நிமிரவில்லை. அத்தனை வருஷம் கழித்தும் கை மறக்கவில்லை. ஒரு சொட்டு சிந்தாமல் குழம்பு ஊற்றினேன். "தம்பி நல்ல வேகம்" என்று ஒருவர் பாராட்டினார். மொத்தமாக அனுப்புவதற்கு ஏற்ற நம்பகமான சர்வர் எது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்துபோனது. ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர்களைத் தவிர யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவ்வளவு பசியோடு சாப்பிட்டதாலோ என்னவோ, வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வருஷா வருஷம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கிடங்கில் இருந்தது போய்ச் சேரும் இடம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை போன முதல் நடை போனதுதான். அதில் ஏறியவை யாருடைய மூட்டைகள் என்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது ஸ்டெல்லா சொன்னாள். கோவிந்தம்மா அக்காவுடையவை. நஷ்டத்துக்குப் போடச் சொல்கிறவள் தன்னுடையதை முதலில் போட வேண்டும் என்று, மற்றவர்களைத் தொடவிடாமல் தன் மூட்டைகளை ஏற்றியிருக்கிறார். நான் வாளியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்டெல்லா, "அது தேஞ்சிடப் போவுது" என்று பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் இன்னொரு செய்தி. பொத்தான் அழுத்தியவர்களை நாமாகப் பட்டியலில் திரும்பச் சேர்க்க முடியாதாம். அவர்களே மறுபடி சம்மதித்துச் சேர வேண்டுமாம். நம்பகமான சர்வர் அல்லவா? டவர் கிடைக்கிற பஸ் ஸ்டாப்பில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "உங்களைத் தப்பா அனுப்பிட்டோங்க, திரும்ப வாங்க" என்று சொல்வதற்குள் எதிர்முனையில் சிரிப்பு கேட்கும். டாக்டரம்மா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாரத்துக்குள் மலையில் எனக்கு அந்தோணி என்ற பெயர் போய், 'சர்வர்' என்ற பெயர் வந்துவிட்டது. அடுத்த அழைப்பில் பொத்தானுக்கு என்ன எழுதுவது என்று கேட்டபோது கோவிந்தம்மா அக்கா, "வெலகுன்னே போடு. மரியாதைய சோத்துல காட்டிக்கலாம்" என்றார். வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அதிலிருந்து எந்த வீட்டிலிருந்து நான் கிளம்பினாலும், டீக்கடையில் காசு கொடுத்துவிட்டு 'வர்றேன்' என்றாலும், ஒரே கேள்விதான்: "வர்ற வர்றேனா, போற வர்றேனா?" பஸ் கண்டக்டர்கூட விடுவதில்லை.

போன மாதம் எனக்கு மறுபடியும் கால் பரபரத்தது. கோயம்புத்தூரில் ஒரு வேலை இருப்பதாகத் தெரிந்தவன் ஒருவன் சொன்னான். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று பழைய பையில் நாலு துணியை அடைத்துக்கொண்டு வாசலில் நின்று, "வர்றேன்" என்றேன்.

ஸ்டெல்லா சாமையில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த வர்றேன்?"

பஸ் ஹாரன் கேட்டது. "வர்றதுதான்" என்றேன்.

"அப்ப பைய வெச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டுப் போனேன். பஸ் ஸ்டாப் வரைக்கும்.